9,214 படங்கள் போயே போச்சு: கிளவுடில் போட்டோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

முந்தாநாள் ராத்திரிதான் கண்டுபிடித்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் சொல்வது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2015-லிருந்து 2021 வரை எடுத்த குடும்பப் படங்கள், மொத்தம் 9,214. கிளவுடில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. போன் தொலையவில்லை, தண்ணீரில் விழவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டி வைத்திருந்த இடத்திலிருந்தே போயிருக்கின்றன. சேவையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. போனில் எடுக்கும் படத்தைத் தானாக மேலே ஏற்றி, டேப்லெட், கணினி என்று எல்லாவற்றிலும் காட்டும் வகை. விளம்பரத்தில் 'பேக்கப்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

நடந்தது இதுதான். பழைய டேப்லெட்டைத் தம்பி மகனுக்குக் கொடுக்க நினைத்தேன். அதில் அந்தச் செயலி இருந்தது, பழைய படங்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடவில்லை. முதலில் கேட்டேன். செயலிக்குள்ளேயே இருக்கும் உதவி அரட்டையைத் திறந்து, "இந்த டேப்லெட்டில் இருக்கும் படங்களை அழித்தால் கிளவுடில் இருப்பவையும் போய்விடுமா?" என்று தட்டினேன். வந்தது எந்திரம் இல்லை, ஆள்தான். "இல்லை மேடம், உங்கள் படங்கள் கிளவுடில் பத்திரமாக உள்ளன, சாதனத்தில் இருப்பவற்றைத் தாராளமாக நீக்கலாம்" என்று பதில். எனக்கு மனசு கேட்கவில்லை, இன்னொரு தடவை கேட்டேன். "நிச்சயமாக மேடம்" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு வந்தது. அந்தச் சிரிப்பில்தான் விழுந்தேன். நன்றி சொன்னேன். மதிப்பெண் கேட்டார்கள், ஐந்து நட்சத்திரமும் போட்டேன்!

அப்புறம் வருடவாரியாகத் தேர்ந்தெடுத்து நீக்கு பொத்தானை அழுத்தினேன். '9,214 படங்கள் நீக்கப்படும்' என்று கேட்டது, சரி என்றேன். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும்' என்று ஒரு சொல் அங்கே இருந்திருந்தால் கை நின்றிருக்கும். இல்லவே இல்லை.

போனில் உடனே ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். போனைத் திறந்தால் இந்த மாதப் படங்கள்தானே மேலே நிற்கும்? 2016-ஐ யார் தினமும் போய்ப் பார்க்கிறார்கள்? 37-ஆவது நாள், அப்பா செய்தித்தாளை நெஞ்சில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடி நெற்றிக்கு ஏறிப்போய்த் தூங்கும் ஒரு படத்தைத் தேடினேன். கொஞ்சம் மங்கலான படம், என்னைத் தவிர யாருக்கும் அதில் ஒன்றும் இல்லை. கீழே தள்ளத் தள்ள 2022 ஜனவரியோடு தரை தட்டியது. அதற்குக் கீழே வெள்ளை.

குப்பைத்தொட்டியில் இருக்கும் என்று ஓடினேன். அங்கே 30 நாள்தான் வைத்திருப்பார்களாம். ஏழு நாள் தாமதம். (இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். கூகுள் போட்டோஸில் மேலே ஏறிய படத்துக்கு 60 நாள், ஐகிளவுடில் 30 நாள். உங்களுடையது எத்தனை என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.)

இனி அந்தச் சேவைக்காரர்கள் கைகழுவிய கதை. முதல் ஆள், "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்" என்றார். 9,214 படம் மறுபடி நிறுவினால் வருமா? இரண்டாவது ஆள், நான் சொல்லும் அரட்டை அவர்கள் பதிவிலேயே இல்லை என்றார். மூன்றாவது ஆள், அரட்டை பதிவில் இருக்கிறது, ஆனால் ஊழியர் சொன்னது 'பொதுவான தகவல்' மட்டுமே என்றார். இல்லாத அரட்டை இரண்டு மணி நேரத்தில் எங்கிருந்து முளைத்தது? அவரே விளக்கமும் கொடுத்தார். அந்தச் செயலியில் 'இடத்தை விடுவி' என்று தனியாக ஒரு வசதி இருக்கிறதாம், அது சாதனத்துப் பிரதியை மட்டும் எடுக்குமாம். 'நீக்கு' என்றால் எல்லா இடத்திலும் நீங்குமாம். நான் பேச்சுவழக்கில் 'அழித்தால்' என்று கேட்டதை அவர்கள் ஊழியர் 'விடுவித்தால்' என்று எடுத்துக்கொண்டாராம். கடைசியில் ஆறுதலுக்கு மூன்று மாதம் 200 ஜிபி கூடுதல் இடம் இலவசம் என்றார்கள். எதை வைப்பதற்கு?

இதைவிட வயிறு எரிவது அடுத்த விஷயம், இது என் அவசரப்புத்தி. மேசை இழுப்பறையில் பழைய போன் ஒன்று கிடந்தது. 2018 முதல் 2021 வரை அதில்தான் எடுத்தேன், அந்தப் படங்கள் முழு அளவில் அதிலேயே இருந்தன. சார்ஜ் போட்டு உயிர் வந்ததும் பார்த்தேன், எல்லாம் இருக்கின்றன. கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் வீட்டு வைஃபை அதற்கு இன்னும் ஞாபகம் இருந்தது. தானாக ஒட்டிக்கொண்டது. செயலி விழித்துக்கொண்டு, மேலே இல்லாதது இங்கே எதற்கு என்று துடைக்க ஆரம்பித்தது. வரிசை வரிசையாகச் சாம்பல் கட்டமாகி மறைந்தன, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன நடக்கிறது என்று மூளைக்கு எட்டி, ரவுட்டரைப் பிடுங்கிப் போடுவதற்குள் மிஞ்சியவை 387. மீட்டெடுக்க முடியுமா என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டேன். இப்போதைய போன்களில் உள்சேமிப்பு பூட்டிய நிலையில் இருப்பதால் அழிந்ததை மீட்பது அநேகமாக நடக்காது என்றார்.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சுருக்கமாக: சிங்க் (எல்லாச் சாதனங்களிலும் ஒரே மாதிரி காட்டுவது) வேறு, பேக்கப் (தனியாக எடுத்து வைக்கும் பிரதி) வேறு. சிங்க் என்பது கண்ணாடி மாதிரி, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, கணினி வழியாக முழு அளவுப் படங்களை அதில் இறக்கி, கழற்றி வையுங்கள். கழற்றி என்பது முக்கியம். போனில் தெரிகிறதே என்று நம்பாதீர்கள். 'சேமிப்பைச் சிக்கனப்படுத்து' போட்டிருந்தால் அங்கே இருப்பது சிறு மாதிரி மட்டும். பழைய போனைத் திறப்பதற்கு முன் ரவுட்டரை அணையுங்கள், திறந்ததும் விமானப் பயன்முறையைப் போடுங்கள். உதவி அரட்டையில் யார் எதைச் சொன்னாலும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நான் எடுக்கவில்லை.

தம்பி வாட்ஸப்பில் பழைய அரட்டைகளைத் தோண்டி, நான் எப்போதோ அனுப்பியவற்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறான். எல்லாம் சுருங்கிப்போன அளவில், எடுத்த தேதிகூட இல்லாமல். இதுவரை 140 வந்திருக்கிறது. அப்பா தூங்கும் படம் அதில் இல்லை, அதை நான் யாருக்குமே அனுப்பியதில்லை.