300வது இடத்தில் நிற்கும் டென்னிஸ் வீரர்: ஒற்றையரா, இரட்டையரா?

உலகத் தரவரிசையில் 300ஐ ஒட்டி நிற்கும் வீரருக்கு 24, 25 வயது வாக்கில் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஒற்றையரில் இன்னும் ஏறப் பார்ப்பதா, இரட்டையருக்கு மாறிவிடுவதா? இந்திய வீரர்கள் இரண்டு வழியிலும் நடந்து காட்டியிருக்கிறார்கள்.

முதலில் பணம். 2024 யுஎஸ் ஓபனில், முதன்மைச் சுற்றுக்குள் நுழைவதற்காக ஆடும் ஒற்றையர் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கு 25,000 டாலர். இரட்டையர் முதன்மைச் சுற்றில் முதல் ஆட்டம் தோற்ற ஜோடிக்கும் அதே 25,000 டாலர்தான், அதையும் இருவர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒற்றையர் தகுதிச் சுற்றுக்கு 230 வாக்கில் இருந்தால் இடம் கிடைத்துவிடும். இரட்டையர் முதன்மைச் சுற்றின் 64 ஜோடிகளில் ஒன்றாக நுழைய, பெரும்பாலும் இருவருமே 100க்குள் நன்றாக உள்ளே இருக்க வேண்டும். ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி 2024ல் கொண்டுவந்த குறைந்தபட்ச வருமான உத்தரவாதமும் ஒற்றையர் தரவரிசையை வைத்துத்தான்: அந்த வருடம் முதல் 100 பேருக்கு 3 லட்சம் டாலர், 175 வரை ஒன்றரை லட்சம், 250 வரை 75,000.

ஆக, ஒற்றையரில் 250 என்பது வாழ்க்கையை இரண்டாகப் பிரிக்கும் கோடு. அதற்கு வெளியே பலருக்கும் கிடைப்பது ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) நடத்தும் கீழ்மட்டப் போட்டிகள், 15,000 டாலர் மொத்தப் பரிசுள்ளவை. அங்கே கோப்பையையே வென்றாலும் கிடைப்பது 2,160 டாலர், அதுவும் வரி பிடிப்பதற்கு முன். விமான டிக்கெட், அறை வாடகை, ராக்கெட் நரம்பு என்று கணக்குப் போட்டால் பெரும்பாலான வாரங்கள் நஷ்டம்தான்.

கோட்டுக்கு உள்ளே வந்தாலும் நிம்மதி உடனே வந்துவிடாது. 2023 செப்டம்பரில், நாட்டின் முதல்நிலை ஒற்றையர் வீரராக இருந்த சுமித் நாகல் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்றார். அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் தகுதிச் சுற்றைத் தாண்டி, அந்தப் போட்டியில் 31ம் தரநிலை (சீடிங்) பெற்ற பப்ளிக்கை வீழ்த்தி 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் சம்பாதித்தார். இப்படி ஒரே வாரத்தில் எல்லாம் மாறிப்போவது ஒற்றையரில்தான் நடக்கும். சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயத்தில் சில வருடங்களையே இழந்தவர். அப்படியும் 2019ல் 75வது இடம் வரை ஏறினார், அந்த வருடம் யுஎஸ் ஓபன் போன்ற நான்கு பெரிய கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் ஒற்றையர் ஆடினார்.

அதே ஊர்க்காரர் ராம்குமார் ராமநாதனின் கதை மனதை அழுத்துகிறது. 2017ல் அண்டால்யாவில் உலகின் 8ம் நிலை வீரர் டொமினிக் தீமைத் தோற்கடித்தார், 2018ல் நியூபோர்ட் இறுதிப் போட்டி வரை போனார், 111வது இடத்தைத் தொட்டார். ஆனால் எத்தனையோ முறை முயன்றும் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் முதன்மைச் சுற்றுக் கதவு திறக்கவே இல்லை. ஏடிபி கோப்பைகள் அவருக்குக் கிடைத்தது 2022ல், மூத்த இந்திய வீரர் ரோகன் போபண்ணாவோடு ஆடிய இரட்டையரில்.

இரட்டையரின் பெரிய வரவு ஆயுள். பாதி கோர்ட்டைப் பார்த்தால் போதும், உடம்பு தாங்குகிறது. ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் 2024ல் ஹாங்சோ ஓபனை வென்றபோது இருவருமே 35ஐ எட்டியவர்கள். போபண்ணா ஆஸ்திரேலிய ஓபனை வென்றது 43 வயதில். கோச் செலவையும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் பிழைப்பு இன்னொருவர் கையில் இருக்கிறது: ஜோடி பிரிந்தால் அடுத்த போட்டியில் இடம் கிடைக்குமா என்பதே சந்தேகம். ஏடிபி போட்டிகளில் டியூஸில் (40-40 சமநிலையில்) ஒரே புள்ளி, மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டைபிரேக் என்ற விதிகளில் நல்ல ஜோடியும் ஒரு தவறான சர்வில் வெளியேறிவிடும்.

சரி, இரண்டையும் சேர்த்து ஆடலாமே? ஐடிஎஃப் மட்டத்தில் பலரும் அப்படித்தான் ஆடுகிறார்கள். அதற்கு ஒரு படி மேலான சேலஞ்சர் போட்டிகளுக்கு வந்தால் சிக்கல். இரட்டையர் இறுதிப் போட்டி பெரும்பாலும் சனிக்கிழமை. அடுத்த ஊரில் ஒற்றையர் தகுதிச் சுற்று ஞாயிறு தொடங்கிவிடும். ஒன்றில் ஜெயித்தால் மற்றது போகும்.

என்னைக் கேட்டால், 25 வயதுக்குள் 350க்கு உள்ளே வந்தவர் ஒற்றையரை விடக் கூடாது. ஒரு வருடத்தில் நான்கு கிராண்ட்ஸ்லாம் தகுதிச் சுற்று கிடைத்தாலே அடுத்த வருடத்துக்கு ஒரு பிசியோவை வைத்துக்கொள்ள முடியும். 27 ஆகியும் 400ஐத் தாண்டி நின்றால், நல்ல சர்வும் வலையருகே கை வேகமும் இருப்பவர் உடனே மாறிவிடலாம். 31 வரை காத்திருந்து, காயத்தோடு இரட்டையருக்கு வருவதுதான் பலர் செய்வது. அதற்குள் நல்ல ஜோடிக்காரர்கள் எல்லாம் வேறு ஆளோடு சேர்ந்திருப்பார்கள்.