யூடிஐடி அட்டையோடு மூன்று வருடம்

கல்லூரி நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: "எனக்கும் எம்எஸ்-னு சொல்லிட்டாங்கடா. ஊனச் சான்று எடுத்தா பிரயோஜனம் இருக்கா?" எம்எஸ் என்பது மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற நரம்பு நோய்; எனக்கும் அதுதான். நான் சான்றையும், யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் புதுப்பித்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கோபம் இன்னும் தணியவில்லை.

பிரயோஜனம் உண்டு. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் அது 21 ஆனபோதுதான் நம் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸும் உள்ளே வந்தது. குறைபாடு 40 சதவீதம் இருந்தால் போதும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கணக்கில் ஏறுகிறது. டவுன் பஸ்ஸில் எனக்கும் துணைக்கு வரும் தம்பிக்கும் டிக்கெட் கிடையாது. கை நடுங்கியதைப் பார்த்து என் படிவத்தை முழுவதும் தானே எழுதித் தந்த அலுவலக அக்காவை மறக்க மாட்டேன்.

ஆனால் அந்த நடை!

"அந்தச் சுவர் வரைக்கும் நடந்து காட்டுங்க." மூன்று வருடத்துக்கு முன், முதல் பரிசோதனை. காலை ஒன்பது மணி. தூங்கி எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்த உடம்பு. நன்றாகவே நடந்தேன். டாக்டர் 38 சதவீதம் என்று எழுதினார். எம்எஸ்-காரனுக்கு உடம்பு சூடானால் நரம்பில் கட்டளை சரியாக ஓடாது. முத்திரை வாங்க அடுத்த கட்டடத்துக்குப் போய், மே மாத வெயிலில் வரிசையில் நின்றேன். பன்னிரண்டு மணிக்கு இடது கால் இழுக்க ஆரம்பித்தது. பின்னால் நின்ற பெரியவர் கூப்பிட்டு என் செருப்பை நீட்டினார். அது கழன்று பத்தடி தள்ளிக் கிடந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. அந்த இடது காலை யாரும் அளக்கவில்லை.

நரம்பியல் மருத்துவரின் கடிதத்தோடு மறுபடி போய்த்தான் 50 வாங்கினேன். டாக்டரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வளர்ந்த பிள்ளைகளைத் தோளில் சுமந்தபடி அத்தனை பேர் வெளியே காத்திருந்தார்கள். ஆனாலும் அது தற்காலிகச் சான்று, மூன்று வருடம்தான். அதனால் இந்த மாதம் மறுபடி அதே சுவர், அதே காலை நேரம். எம்ஆர்ஐ படத்தைப் பையிலிருந்து எடுக்கக்கூடச் சொல்லவில்லை.

நண்பனுக்குச் சொன்னது இதுதான். கட்டாயம் எடு. வெயிலில் என்ன ஆகிறது, எத்தனை அடியில் கால் தளர்கிறது என்பதை நரம்பியல் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போ. முடிந்தால் மதியம் போ.

நான் அடுத்த முறை போகப் போவதில்லை. 2,000 ரூபாய் போனால் போகட்டும்.