கீமோ முதலிலா, ஆபரேஷன் முதலிலா?

அப்பாவுக்கு வலது நுரையீரலில் 5 சென்டிமீட்டர் கட்டி. பக்கத்து நிணநீர் முடிச்சு ஒன்றிலும் நோய் இருந்தது. சிறு செல் அல்லாத வகை நுரையீரல் புற்றுநோய். கீமோ, ஆபரேஷன் இரண்டும் வேண்டும் என்பது உறுதி. எது முதலில் என்பதை மட்டும் எங்களிடம் பேசி முடிவெடுத்தார்கள். நாங்கள் கீமோ பக்கம் போனோம்.

பலனைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் கொடுத்தாலும் பின்னால் கொடுத்தாலும், ஆபரேஷன் மட்டும் செய்வதைவிட 5 ஆண்டு கழித்து உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 5 பேர் கூடுகிறார்கள். முதலிலேயே வெட்டியெடுத்தால் கட்டி போன நிம்மதி உடனே கிடைக்கும், நோய் எந்த நிலை என்பதும் துல்லியமாகத் தெரியும். சரிதான்.

எங்களை யோசிக்க வைத்தது வேறு: எழுதிக்கொடுத்த கீமோ உடம்புக்குள் போய்ச் சேருமா? ஸ்பெயினின் நாட்ச் ஆய்வில் (2010) கீமோ முதலில் என்ற பிரிவில் 97 சதவீதம் பேர் அதைத் தொடங்கினார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு என்ற பிரிவில் தொடங்கியவர்கள் 66 சதவீதம்தான். ஆயுளில் அந்த ஆய்வு பெரிய வேறுபாடு காட்டவில்லை, உண்மை. ஆனால் அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை வேறு. கீமோ கிடைக்காமலே போகும் அந்த மூன்றில் ஒருவராக அவர் ஆகிவிடக் கூடாது என்பதே எங்கள் பயம்.

கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் என்ற இரண்டு கீமோ மருந்துகள் 21 நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. இரண்டாவதுக்குப் பிறகு ரத்த அணுக்கள் குறைந்து ஒரு வாரம் தள்ளிப்போனது. இடையில் தினமும் நடந்தார், மூன்று பந்துக் கருவியில் மூச்சை இழுத்துப் பழகினார். கட்டி 3 சென்டிமீட்டராகச் சுருங்கியது. அப்புறம் ஆபரேஷன். நுரையீரலின் ஒரு மடலை எடுத்தபின் இரண்டு மாதம் சாப்பாடு இறங்கவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை. அந்த உடம்பில் கீமோ ஏற்றுவதை இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

கீமோ முதலில் என்பதிலும் ஆபத்து உண்டு. காத்திருக்கும்போது நோய் பரவலாம், உடல் தளரலாம். 2022இல் வந்த செக்மேட் 816 ஆய்வில் கீமோ மட்டும் பெற்றவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு ஆபரேஷன் ரத்தானது. கூடவே நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு சிகிச்சை மருந்தும் பெற்றவர்களில் 24 சதவீதம் பேருக்கு, வெட்டியெடுத்த திசுவில் உயிருள்ள புற்றுச் செல்லே இல்லை. கீமோ மட்டும் என்றால் 2.2. அப்பாவுக்கு அந்த மருந்து தரவில்லை, அதனால் அனுபவமாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் அருகிலிருந்து பார்த்ததும் ஒரே ஒருவரைத்தான்.

கட்டி சிறியது, முடிச்சு சுத்தம் என்றால் ஆபரேஷன்தான் முதலில். பலருக்குக் கீமோ தேவையே படாது. முடிச்சு வரை போயிருந்தால், “ஆபரேஷன் முடிந்த இரண்டு மாதத்தில் இவர் கீமோ தாங்குவாரா?” என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.