நாலு வருஷமா ஆளே வைக்காம பனியன் தொழில், என் அனுபவம்

"கம்பெனில எத்தனை பேருங்க வேலைக்கு?"ன்னு யாராச்சும் கேட்டா எனக்கு இன்னைக்கும் சட்டுன்னு பதில் வராது. சம்பளம்னு குடுக்குற ஆள் ஒருத்தரும் இல்ல. ஆனா ஒரு டிஷர்ட் பார்சலாகி வெளிய போறதுக்குள்ள ஏழெட்டு பேர் கை பட்டிருக்கும், எல்லாரும் அவங்கவங்க யூனிட்லயோ வீட்லயோ பீஸ் ரேட்டுக்கு செய்றவங்க. திருப்பூர்ல குழந்தைங்க டிஷர்ட், நைட் டிரஸ் பண்றேன், பாதி ஆன்லைன், மீதி இங்க காதர்பேட்டை பனியன் மார்க்கெட் கடைங்களுக்கு. 2021ல ஆரம்பிச்சப்ப எல்லாரையும் மாதிரி ரெண்டு டைலர், அவங்களுக்கு ஒத்தாசையா ஒரு கைமடி ஆள் வச்சுதான் ஆரம்பிச்சேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா வயித்துல புளியக் கரைக்கும், ஆர்டர் வந்துச்சோ இல்லையோ சம்பளம் குடுத்தாகணும்ல. மூணு பேருக்கும் சேர்த்து மாசம் 40,000க்கு மேல போச்சு, ஆர்டரோ சில மாசம் 600 பீஸ் கூட தேறல. ஆறு மாசத்துல மெஷினை வித்துட்டேன்.

அதுக்கப்புறம் எல்லாமே ஜாப் ஒர்க். கட்டிங் ஒரு இடம், தையல் ஒரு பவர் டேபிள் யூனிட் (மோட்டார் தையல் மெஷின் வரிசையா போட்ட இடம்), பிசிறு வெட்டி மடிக்கிறது ஒரு அக்கா வீட்ல, கணக்கு மாசம் ஒரு தொகை வாங்கிட்டு பாக்குற ஒரு அக்கவுண்டண்ட். பணம்னு பாத்தா லாபம்தான், சந்தேகமே இல்ல. 600 பீஸ்னா 600க்கு மட்டும் கூலி, ஆடி மாசம் வேலை இல்லைன்னா செலவும் இல்ல. பத்து பேர் ஆனா இஎஸ்ஐ, இருபது பேர் ஆனா பிஎஃப்னு அந்தப் பக்கமே நமக்கு போகத் தேவையில்ல.

ஆனா யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. காசுல மிச்சம் பண்றதை காத்திருந்து குடுக்குறோம். யூனிட்காரருக்கு நான் 600 பீஸ் பார்ட்டி, எனக்கு முன்னாடி 20,000 பீஸ் பார்ட்டி நிப்பாரு. "நாளைக்கு மெஷின்ல ஏத்திடலாம் தம்பி"ன்னு அந்த யூனிட் அண்ணன் சொன்னா அது நாளைக்கு இல்லைன்னு புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. தீபாவளிக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது போன் எடுக்கவே மாட்டாங்க, தீபாவளி முடிஞ்சா ஊருக்குப் போன ஆளுங்க திரும்பல. ஒரு தடவை வெட்டின துணி எட்டு மாசம் ஒரு யூனிட் மூலையில கிடந்துச்சு, அக்கவுண்டண்ட்தான் சத்தம் போட்டாரு, ஜாப் ஒர்க்குக்கு அனுப்புன சரக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரலைன்னா ஜிஎஸ்டில அதை வித்த மாதிரி எடுத்துப்பாங்கன்னு. அதுவரைக்கும் டெலிவரி சலான், அதாவது சரக்கு அனுப்புறதுக்கான சீட்டு, போடுறதையே நான் சீரியஸா எடுத்துக்கல. இப்ப ஒரு பண்டல் வெளிய போனாலும் சலான் போட்டு போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குறேன்.

பெரிய அடி 2023ல. நேவி ப்ளூ துணி ரெண்டு லாட்டா, அதாவது தனித்தனியா சாயம் போட்டு வந்துச்சு. ரெண்டையும் ட்யூப்லைட் வெளிச்சத்துல பாத்தா ஒரே கலர்தான். எது எந்த லாட்டுன்னு தெரிய பண்டல்ல நம்பர் ஸ்டிக்கர் ஒட்டணும், கட்டிங்ல பாத்துக்குவாங்கன்னு நான் நினைச்சேன், அவங்க தையல்ல பாத்துக்குவாங்கன்னு நினைச்சாங்க. உடம்பு ஒரு லாட், கை ஒரு லாட்னு தைச்சு வந்துடுச்சு. மாடியில வெயில்ல ஒரு பீஸை உதறிப் பாத்தப்பதான் கை மட்டும் லேசா வெளுத்த மாதிரி தெரிஞ்சுச்சு. 140 பீஸ், செகண்ட்ஸ்ல, அதாவது குறை உள்ள சரக்கா, அடிமாட்டு விலைக்குப் போச்சு. யாரைக் கேக்குறது? கட்டிங்காரர் தையல கை காட்டுறாரு, தையல்காரர் கட்டிங்க கை காட்டுறாரு. சொந்த ஆளா இருந்தா திட்டியாச்சும் இருப்பேன். இதுல நடுவுல நிக்கிறவன் நான் மட்டும்தான், அப்ப செக்கிங் ஆளும் நானேதான்னு அன்னைக்கு புரிஞ்சுச்சு.

கஸ்டமர் பக்கத்துக்கு வாட்ஸ்அப் பிசினஸ். கேட்டலாக், ரெடி ரிப்ளை எல்லாம் போட்டதுல தினம் ரெண்டு மணி நேரம் மிச்சம், "சைஸ் என்ன, ரேட் என்ன"ங்குறதுக்கெல்லாம் நான் உட்காரத் தேவையில்ல. ஆனா ராத்திரிக்கு நான் எழுதி வச்ச ஆட்டோ மெசேஜ் என் மானத்தை வாங்கிடுச்சு. ஒரு அம்மா கழுத்து தையல் பிரிஞ்ச போட்டோ அனுப்பிருக்காங்க, அதுக்கு உடனே "நன்றிங்க! புது கலெக்‌ஷன் பாருங்க"ன்னு பூ போட்டு போயிருக்கு. காலைல மூணு வாய்ஸ் நோட். கேட்டுட்டு முதல் வேலையா அந்த மெசேஜை எடுத்தேன், இப்ப "காலைல பேசுறேங்க" மட்டும்தான்.

கூரியர் பிக்கப் வீட்டுக்கே வர்றது நல்லாதான் இருக்கு, கேஷ் ஆன் டெலிவரி மட்டும் நிறுத்திட்டேன். திரும்பி வர்ற பார்சலுக்கு போக வர ரெண்டு பக்கமும் நம்ம காசு. போட்டோ, டிசைன் எல்லாம் தேவைப்பட்டப்ப ஒரு பையன் வந்து எடுத்துக் குடுப்பான், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல.

இதுல எனக்கு ரொம்ப நம்பிக்கையான ஆள் அந்த பிசிறு வெட்டுற அக்காதான். பீஸ் ஒண்ணுக்கு ஒரு ரூபாய்ல ஆரம்பிச்சது, இப்ப ஒண்ணே முக்கால். நூல் தொங்குற பீஸ் ஒண்ணு கூட வராது, அது மட்டுமில்ல, பட்டன் ஓட்டை சரியில்லாததை தனியா ஒரு மஞ்சப் பையில போட்டு வச்சிருப்பாங்க, அது அவங்க வேலையே இல்ல. போன மாசம், சரி இவங்களையாச்சும் மாச சம்பளத்துக்கு எடுத்துக்கலாம், செக்கிங்கையும் பாத்துக்கட்டும்னு கேட்டேன். சிரிச்சாங்க. "மாச சம்பளம்னா புள்ளைக்கு காய்ச்சல்னா கூட உங்ககிட்ட லீவு கேக்கணுமே தம்பி. இப்ப உங்களுது இல்லைன்னா இன்னும் மூணு பேரோடது இருக்கு எனக்கு"ன்னாங்க.

நான் அவங்களை வேலைக்கு வைக்காம இருக்கேன்னு இத்தனை நாள் நினைச்சுட்டு இருந்தேன். அவங்க பக்கம் பாத்தா நானும் நாலுல ஒரு பார்ட்டி, அவ்ளோதான். செக்கிங்குக்கு காலைல எட்டரைல இருந்து மதியம் ஒரு மணி வரைக்கும் மட்டும் ஒரு ஆள் தேடிட்டு இருக்கேன், இன்னும் கிடைக்கல.