ஷாம் ஷுய் போவில் வாங்கிய பெயரில்லாத சிவப்பு லாரி

ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போவில் ஃபுக் விங் தெரு முழுக்கப் பொம்மைக் கடைகள்தான். இடையிடையே எழுதுபொருளும் விழா அலங்காரச் சாமானும் விற்பார்கள். நான் பிளாஸ்டிக் மோல்டு வேலை பார்க்கிறவன். எந்தப் பொம்மையைக் கையில் எடுத்தாலும் என் விரல் முதலில் அச்சு இரண்டும் சேர்ந்த கோட்டைத்தான் தடவும். அந்தப் பழக்கத்தோடு அங்கே, லாரியாகவும் ரோபோவாகவும் மடித்து மாற்றுகிற ஆப்டிமஸ் பிரைம் பொம்மையின் நகல் ஒன்றை வாங்கி, ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பெட்டியில் அசலை விற்கும் ஹாஸ்ப்ரோ பெயரும் இல்லை, டகாரா டோமி பெயரும் இல்லை. தயாரித்தவர் முகவரிகூடக் கிடையாது. ‘டிஃபர்மேஷன் ரோபோட்’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சடித்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆப்டிமஸ் அணியின் சின்னமான ஆட்டோபாட் முகம் இருக்க வேண்டிய தோள் வெறும் சிவப்பாக இருந்தது. கடைக்கார அம்மா கால்குலேட்டரில் 240 அடித்துக் காட்டினார். நான் 160 அடித்தேன். 190 ஹாங்காங் டாலருக்குப் படிந்தது. அசலா என்று கேட்டேன், இல்லை என்று உடனே தலையாட்டிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

இதன் மூலம் 1984ல் வந்த பொம்மை. அதற்கும் ஒரு வருஷம் முன்பே ஜப்பானில் டகாரா (இன்றைய டகாரா டோமி) தன் டயாகிளோன் என்ற பொம்மை வரிசையில் ‘பேட்டில் கான்வாய்’ என்று விட்டிருந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அதன் உரிமத்தை வாங்கி டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயர் மாற்றி விற்றது. லாரியின் முகப்பு நெஞ்சாகும், ஜன்னல் கண்ணாடிகள் மார்பில் வந்து உட்காரும், பின்பாதி பிரிந்து கால்களாகும், டிரெய்லர் திறந்தால் பழுதுபார்க்கும் தளம். இத்தனைக்கும் பாகங்கள் கொஞ்சம்தான், மடிப்பும் சில அசைவுகளில் முடிந்துவிடும். இதை யோசித்த மனிதரை ஒவ்வொரு தடவை மடிக்கும்போதும் மனதுக்குள் கும்பிடுகிறேன். நகலிலும் அந்த யோசனை சேதமில்லாமல் இருக்கிறது. 190 டாலரில் கிடைத்த சந்தோஷம் முழுக்க அவருடையது, ஆனால் பணத்தில் ஒரு காசுகூட அந்தப் பக்கம் போகவில்லை. அது எனக்கு உறுத்துகிறது.

இனி வேலைத்தரம். நான் வாங்கியது அசலைவிட ஒன்றரை மடங்கு பெரியது. கடையில் அதுதான் கண்ணை இழுத்தது, வீட்டில் அதுதான் வினையாகிப் போனது. எல்லாப் பக்கமும் ஒன்றரை மடங்கானால் எடை மூன்று மடங்குக்கு மேல் ஏறும். மூட்டில் உராய்கிற பரப்பு இரண்டேகால் மடங்குதான் கூடும். அதனால் துப்பாக்கியைக் கொடுத்தால் கை மெல்ல இறங்கிவிடுகிறது. சுவர் தடிமனையும் அப்படியே பெருக்கியிருக்கிறார்கள். தடிமன் ஒன்றரை மடங்கானால் அச்சுக்குள் ஆறுவதற்கு ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு நேரம் வேண்டும். இவர்கள் அவ்வளவு நேரம் பொறுக்கவில்லை. தொடையின் வெளிப்பக்கம் இரண்டு குழி விழுந்திருக்கிறது, டிரெய்லர் கதவு வளைந்து ஒரு மூலை மூடவே மாட்டேன் என்கிறது. விளிம்பெல்லாம் பிளாஷ், அதாவது அச்சின் இடுக்கில் கசிந்து உறைந்த மெல்லிய பிளாஸ்டிக். பிளேடு வைத்துச் சீவ எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது.

முஷ்டிகள் தனியாகக் கழன்று வருபவை. பெட்டியில் இருந்த இரண்டுமே இடது கை முஷ்டி! அசலின் பழைய பதிப்பில் உலோக வார்ப்புப் பாகங்கள் உண்டு. இதில் மூட்டுகளைக் கோக்கும் ஊசியும் திருகும் தவிர உலோகமே கிடையாது. ஸ்டிக்கர்களின் ஓரம் இரண்டாவது வாரமே எழும்பிவிட்டது. தொளதொளத்த தோள் மூட்டைக் கழற்றி, நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு தடவை தடவிக் காயவைத்துப் பூட்டினேன். இப்போது கை நிற்கிறது.

முதலில் இதைத் தங்கை மகனுக்கென்றுதான் வாங்கினேன். அவனுக்கு ஆறு வயது. பெட்டியைத் திறந்ததும் டயரிலிருந்து வந்த வாடை மூன்று நாள் போகவில்லை. வாடையை வைத்து விஷம் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் மென்மையான பிளாஸ்டிக்கில் கலக்கும் டி.இ.எச்.பி. போன்ற தாலேட்டுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஹாங்காங்கிலும் 0.1 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தப் பெட்டியில் சோதனை செய்ததற்கான குறி ஒன்றுகூட இல்லை. போதாக்குறைக்கு இடுப்பு ஊசி ஒன்று தானாக வெளியே வரத் தொடங்கியது. குழந்தை கையில் கொடுக்க மனம் வரவில்லை. அவனுக்கு உரிமம் பெற்ற சிறிய மஞ்சள் கார் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

இதே தெருக்களில் ‘தேர்ட் பார்ட்டி’ என்கிற சரக்கும் கிடைக்கும். அதிலும் உரிமம் இல்லை, ஆனால் வடிவமைப்பு அவர்களே புதிதாகச் செய்தது. விலை பல மடங்கு. அதையும் இந்த நகலையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

பெரியவர்கள் யாராவது இந்த வகையை வாங்கியே தீருவேன் என்றால், கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். முஷ்டி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கையை நேராக நீட்டிப் பத்து எண்ணுங்கள். பெரிய அளவு வேண்டாம், அசல் அளவிலேயே எடுங்கள்.

என்னுடையது இப்போது பட்டறை மேஜையில் பாகம் பாகமாகக் கிடக்கிறது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்களுக்கு அந்தத் தொடைக் குழியைக் காட்டித்தான் ஆறும் நேரத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன்.