நாலாவது மாத்திரையா, அறுவை சிகிச்சையா?

தம்பிக்கு 16 வயதில் வலிப்பு வந்தது. அதன்பிறகு டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் ஒன்பது வருஷம் வைத்தியம் என்றால் மாத்திரை மாற்றுவதுதான். கார்பமசெபின், அப்புறம் லெவெடிராசெட்டம், அப்புறம் க்ளோபசாம். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் மூளையில் அறுவை சிகிச்சைக்கு வழியுண்டா என்று பார்க்கவேண்டும் என அப்போது பார்த்த டாக்டர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாவது, நாலாவது மருந்தை நம்பிக் காத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2000-ல் வெளியான கிளாஸ்கோ ஆய்வில் 47% பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது, 13% பேருக்கு இரண்டாவதில். அதற்குமேல் என்ன கொடுத்தும் நின்றது 4% பேருக்குத்தான். கழுத்து நரம்பைத் தூண்டும் கருவியும் இருக்கிறது. அது பெரும்பாலும் வலிப்பைக் குறைக்கும், நிறுத்துவது அபூர்வம், பேட்டரியையும் சில வருஷத்தில் மாற்றவேண்டும்.

நான் அறுவை சிகிச்சை பக்கம். ஆனால் முதல் வருஷக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இங்கே எய்ம்ஸில் குழந்தைகளிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், ஒரு வருஷம் கழித்து அறுவை செய்தவர்களில் 77% பேருக்கு வலிப்பில்லை, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7%. கேட்க நன்றாக இருக்கிறது, பத்தாவது வருஷம்? லண்டனில் அறுவை செய்துகொண்ட 615 பெரியவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், நினைவு தப்பாமல் வரும் சின்ன வலிப்புகளை விட்டுவிட்டால், 5 வருஷத்தில் 52%, 10 வருஷத்தில் 47% பேர் வலிப்பில்லாமல் இருந்தார்கள். பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது என்பது உண்மை. ஆனால் வலிப்பில்லாத வருஷங்கள் கூடக்கூட, திரும்பவரும் வாய்ப்பு குறைகிறது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. எங்களைச் சம்மதிக்க வைத்தது அதுதான்.

தம்பிக்கு அறுவை முடிந்து இப்போது ஆறு வருஷம். மூன்றாம் வருஷம், காய்ச்சலில் மாத்திரை விட்டுப்போன அன்று ஒன்று வந்தது, அதோடு சரி. அறுவை செய்தது மூளையின் இடது டெம்போரல் பகுதியில், அதாவது இடது காதையொட்டிய பகுதியில் என்பதால் சொற்கள் சட்டென்று வருவதில்லை. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே அதன் பெயரைத் தேடுவான். இந்த இழப்பைச் சின்னதென்று சொல்லமாட்டேன்.

அவனுக்கு எம்ஆர்ஐ ஸ்கேனில் மூளையில் இருந்த தழும்பு தெளிவாகத் தெரிந்தது. ஸ்கேனில் ஒன்றுமே தெரியாதவர்களுக்குப் பலன் குறைவு, அவர்களுக்கு எங்கள் அனுபவத்தை வைத்து நான் எதுவும் சொல்லமுடியாது. மூன்று மாத்திரை ஒன்றாகிவிட்டது. அதையும் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்கிறான், அம்மா வேண்டாம் என்கிறாள், இப்போதைக்கு நானும் அம்மா கட்சிதான்.