ரசீதில் தேர்வு எண் இல்லாத கோர்ஸ்

கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலைக்காகச் சென்னைக்கு வந்து கோர்ஸ் தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் கட்டியது 64,900 ரூபாய். கடைசித் தவணை இந்தப் பிப்ரவரியில்தான் தீர்ந்தது.

ஊர் விழுப்புரம் பக்கம். பி.காம். முடித்துவிட்டு ஒரு வருடம் சும்மா இருந்தேன். கல்லூரியில் யார் லேப்டாப் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்தத் தைரியத்தில் 2025 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு பயிற்சி மையத்தின் படியேறினேன். பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் போர்டை மாற்றி மாட்டிவிடுவார்கள், அவ்வளவுதான்.

கவுன்சலர் அக்கா ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்து உட்கார வைத்தார். "தம்பி, கம்ப்டியா ஏ பிளஸ். இன்டர்நேஷனல் சர்டிஃபிகேட். எக்ஸாம் ஃபீஸ் இதுலயே அடக்கம். முடிச்ச கையோட பிளேஸ்மென்ட். இன்னிக்குச் சேர்ந்தாதான் இந்த ரேட்டு." கட்டணம் 55,000. அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். ஐயாயிரம் ரொக்கமாகக் கொடுத்தேன், மீதி 59,900-க்கு மாதம் 4,992 வீதம் பன்னிரண்டு தவணை. "வட்டியே கிடையாது தம்பி, ஒரு ஓடிபி மட்டும் சொல்லுங்க." சொன்னேன். ஜிஎஸ்டி வாங்கிக்கொண்டார்களே தவிர, ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அதில் இன்னொரு எண்ணும் இல்லை. என் பணம் போனது அந்த இரண்டாவது எண்ணால்தான்.

ஏ பிளஸ் சான்றிதழைப் பயிற்சி மையம் தருவதில்லை, கம்ப்டியா என்ற அமெரிக்க நிறுவனம் தருகிறது. தேர்வை பியர்சன் வியூ என்ற தேர்வு நடத்தும் நிறுவனம் மூலம் எழுதவேண்டும். கோர் 1, கோர் 2 என்று இரண்டு தேர்வு, ஒவ்வொன்றுக்கும் தனி வவுச்சர் (தேர்வுக் கட்டணம் கட்டியதற்கான கூப்பன்), தனிக் காசு. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்வி, 90 நிமிடம். கோர் 1-க்கு 675, கோர் 2-க்கு 700 எடுத்தால் பாஸ். மதிப்பெண் அளவு 100-இல் தொடங்கி 900 வரை. இரண்டும் ஒரே வரிசையில் இருக்கவேண்டும். கோர் 1-இல் 220-1101 எழுதியவன் கோர் 2-இல் 220-1102-தான் எழுதமுடியும். என் ரசீதில் இல்லாத அந்த இன்னொரு எண் இந்தத் தேர்வு எண்தான். சுமார் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரிசை மாறும், பழையதை மூடிவிடுவார்கள்.

நான் சேர்ந்த அடுத்த மாதம், மார்ச் 25 அன்று, 220-1201, 220-1202 என்ற புது வரிசை வந்துவிட்டது. பழையதற்கு செப்டம்பர் 25 வரைதான் ஆயுள். இதை வகுப்பில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

வகுப்பைப் பற்றி என்ன சொல்ல. "பேட்ச் ஃபில் ஆகட்டும்" என்று ஏப்ரல் வரை இழுத்தார்கள். பாடம் எடுத்தவர் முந்தைய பேட்ச் மாணவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் இன்னும் வேலை கிடைத்திருக்கவில்லை. இருபது பேருக்கு ஒரே ஒரு சிபியு கேபினெட். அதன் மதர்போர்டு சாக்கெட்டில் பின்கள் வளைந்திருந்ததால் ஆன் ஆகாது. ராமைக் கழற்றுவோம், மாட்டுவோம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒயரைப் பிடுங்குவோம், செருகுவோம். இரண்டு வாரம் பென் டிரைவில் விண்டோஸ் 7 ஏற்றக் கற்றுக்கொண்டோம். விண்டோஸ் 10-க்கே அக்டோபர் 14-உடன் சப்போர்ட் முடியப்போகிறது, கம்பெனிகளெல்லாம் எந்த மெஷினில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறது, எதில் விண்டோஸ் 11 ஏறும் என்று பார்த்துக்கொண்டிருந்த வருடம் அது. நாங்கள் விண்டோஸ் 7 ஏற்றிக்கொண்டிருந்தோம்.

தேர்வுக்கென்று கொடுத்தது ஒரு பிடிஎஃப். "இதுலேர்ந்துதான் வரும், மனப்பாடம் பண்ணிடுங்க." இப்படித் திருட்டுத்தனமாக எடுத்த கேள்விகளைப் படித்து எழுதுவது கம்ப்டியா விதிப்படி குற்றம், சான்றிதழையே பறித்துவிடலாம். எனக்கு அது அப்போது தெரியாது. ஆனால் பிடிஎஃப்பில் பாதி விடை தப்பு என்பது மட்டும் தெரிந்தது. மேன்ஷன் அறையில் உட்கார்ந்து யூடியூபில் புரொஃபசர் மெஸ்ஸரின் இலவச வீடியோக்களைப் பார்த்துப் படித்தேன். ஆகஸ்டில் 220-1101 எழுதினேன். 698. வீட்டுக்குப் போன் செய்தபோது அம்மா அழுதுவிட்டார்.

மறுநாள் இரண்டாவது வவுச்சர் கேட்டேன். "அது அட்வான்ஸ்டு மாட்யூல் தம்பி, தனி ஃபீஸ்." எக்ஸாம் ஃபீஸ் அடக்கம் என்றீர்களே என்றால், "எக்ஸாம்னுதானே சொன்னோம், ரெண்டு எக்ஸாம்னா சொன்னோம்?" சண்டை போட்டேன். "மேனேஜர் ஊர்ல இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்று நான்கு வாரம் நடக்க விட்டார்கள். செப்டம்பர் 25 போய்விட்டது. கோர் 2 இல்லாத கோர் 1 மார்க் ஷீட் வடை மடிக்கக்கூட ஆகாது. புது வரிசையில் இரண்டையும் முதலிலிருந்து எழுதவேண்டும்.

பதிலுக்கு அவர்களே ஒரு சான்றிதழ் அடித்துக் கொடுத்தார்கள். தங்க நிற முத்திரை, உலக உருண்டை படம். அப்பா அதை லேமினேட் செய்து ஷோகேஸில் வைத்துவிட்டார். இன்டர்வியூவில் அதை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 'பிளேஸ்மென்ட்' என்று அனுப்பிய ஒரே இன்டர்வியூவில் கேட்டது: யூசர் மெஷினில் ஐபி 169.254 என்று தொடங்கினால் என்ன பொருள்? நெட்வொர்க்கில் ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, மெஷின் தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்பதுதான் விடை. எனக்குத் தெரிந்திருந்தது, மெஸ்ஸர் புண்ணியத்தில். அடுத்து, கம்பெனி ஊழியர்களின் லாகின்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில், லாக் ஆன அக்கவுண்ட்டைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வெளியே வந்துவிட்டேன். மையத்தில் கேட்டால், படிவத்தைக் காட்டினார்கள்: "100% பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்." அசிஸ்டன்ஸ் செய்துவிட்டார்களாம்.

தவணையை நிறுத்தலாம் என்று நினைத்தேன். முடியாது. கடன் கொடுத்தது வேறொரு நிதி நிறுவனம். மையத்துக்கு மொத்தப் பணமும் முதலிலேயே போய்விட்டது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் என் கணக்கிலிருந்து எடுப்பார்கள், பவுன்ஸ் ஆனால் அபராதம், சிபில் ஸ்கோரிலும் கறை. ஆப் வழியாக வாங்கும் கடனில், ஆரம்பத்தில் மனம் மாறினால் அசலைக் கட்டி விலகிக்கொள்ள ஓர் அவகாசம் உண்டு, எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கும். அசல் நம் கைக்கே வராதபோது எதைக் கட்டுவது என்பது வேறு விஷயம்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். எக்ஸாம் ஃபீஸ் அடக்கம் என்று கவுன்சலர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை அழிக்காமல் வைத்திருந்தது உதவியது. இரண்டு மாதத்தில் 9,000 ரூபாய் திரும்ப வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் பேப்பர்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும்.

சேரும் முன் நான் கேட்டிருக்க வேண்டியது ஒன்றுதான்: எந்தத் தேர்வு எண், அது எந்தத் தேதி வரை, எத்தனை வவுச்சர், இதை ரசீதில் எழுதித் தருவீர்களா? அந்த எண்ணுக்கான பாடத்திட்டத்தை கம்ப்டியா தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் வகுப்பில் உட்கார விடுகிறார்களா என்றும் பாருங்கள்.

இப்போது விழுப்புரத்தில் ஒரு சிஸ்டம் சர்வீஸ் கடையில் இருக்கிறேன், இரவில் 220-1201-க்குப் படிக்கிறேன். போன வாரம் சித்தப்பா பையன் அதே மையத்தின் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நல்ல இடமாண்ணா?" என்றான். போன் போட்டுத் தேர்வு எண்ணை மட்டும் கேள் என்றேன். கேட்டிருக்கிறான். "நேர்ல வாங்க தம்பி, பேசிக்கலாம்" என்றார்களாம்.